வாசல் கதவுக்குக் கிறிஸ்துமஸ் வளையம்: கடலோர வீட்டில் எதை வைத்துக் கட்டுவது?

முத்துநகராள், தூத்துக்குடி

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் தொங்கவிட ஓர் அலங்கார வளையத்தை இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே செய்துவிடுவது என்று இருக்கிறேன். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வளையம் ஒரே பருவத்தில் பச்சை போய்ச் சாம்பல் பூத்துவிட்டது. உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்துக் கதவில் பழுப்புக் கோடு வேறு இழுத்திருக்கிறது. கடலிலிருந்து ஐந்தாறு தெரு தள்ளித்தான் வீடு. உப்புக்காற்றும் உண்டு, கார்த்திகை மார்கழி மழையும் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மாட்டினால் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரையாவது அது முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். காணொளிகளில் எல்லோரும் ஃபிர், சைப்ரஸ், ஹாலி என்கிறார்கள். எனக்குக் கைக்கெட்டுவது சவுக்கு, பனை, தென்னை, வேம்பு, உடைமரம். இவற்றில் எதை நம்பலாம்?

இன்னொரு சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. “வாசலில் வளையம் வைப்பது எதற்கென்று உனக்குத் தெரியாதா? யார் தவறிப்போனார்கள் என்று தெருவே வந்து கேட்கும்” என்கிறார் என் மாமியார். நட்சத்திரம், குடில், மரம் எதற்கும் அவர் தடை சொன்னதில்லை. வளையம் மட்டும் ஆகாதாம்.

பூக்கட்டி, மதுரை

சகோதரி, உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பூ அலங்காரத் தொழிலில் இருப்பவன். எங்கள் கடைக்கு வந்து வளையம் கேட்கிறவர்கள் எல்லோருமே துக்க வீட்டுக்குத்தான் கேட்கிறார்கள். மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, வைக்கோற்பிரியை அதன்மேல் சுற்றி, அசோகா இலையை நெருக்கமாகச் செருகி, மேலே சம்பங்கியும் வெள்ளைச் சாமந்தியும் வைத்து, குறுக்கே பெயர் எழுதிய துணி. ஊரில் அறுபது வயதைத் தாண்டிய யாரும் வட்டமாகப் பூவைப் பார்த்தால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள்.

ஆனால் அந்த எண்ணம் வட்டத்தினால் மட்டும் வருவதல்ல. ஈரப் பூ, வெள்ளை நிறம், சுற்றிலும் ஒரே அடர்த்தி, நடுவில் சின்னஞ்சிறு ஓட்டை, இவை நான்கும் சேர்ந்தால்தான் துக்க வளையம். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். ஈரப் பூவே வேண்டாம். வளையத்தில் பாதிக்கு மேல் வெறும் கொடியாகவோ நாராகவோ தெரியட்டும். கீழே ஓரமாக ஒரு பக்கத்தில் மட்டும் கொத்தாக அலங்காரம் செய்யுங்கள். நடுவில் மணி ஒன்று தொங்கட்டும். அப்புறம் யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்க மாட்டார்கள்.

வடசென்னைவாசி

வட்டமாக இருப்பதெல்லாம் சாவு என்றால் வீட்டில் உளுந்து வடைகூடச் சுட முடியாது. யார் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் செய்ய முடியாது அக்கா. மாட்டுங்கள். இரண்டு ஆண்டில் தெருவுக்குப் பழகிவிடும்.

பூக்கட்டி, மதுரை

தம்பி, தெருவுக்குப் பழகும். அந்த வீட்டில் மாமியாரோடு இருக்கப்போவது நீங்கள் அல்ல.

பனிக்குருவி, ஸ்கார்பரோ

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் இருப்பவள். பூக்கட்டி அண்ணா சொன்னது எனக்கு எங்கள் ஊர்த் தோரணத்தை நினைவூட்டியது. அதே தென்னங்குருத்து, அதே கயிறு. கல்யாண வீட்டுக்கு மடிப்பு மேல்நோக்கி இருக்கும், செத்த வீட்டுக்குக் கீழ்நோக்கி இருக்கும். தெருமுனையிலிருந்து தோரணத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆகவே எதைக் கட்டுகிறோம் என்பதைவிட எப்படிக் கட்டுகிறோம் என்பதுதான் நம் ஆட்களுக்குச் செய்தி. உங்கள் மாமியார் அதைத்தான் படிக்கிறார். மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம்.

இனி ஃபிர் பற்றி. இங்கே நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, பால்சம் ஃபிர் கிளைகளில் வளையம் கட்டி நவம்பர் கடைசியில் வெளிக்கதவில் மாட்டினால் ஜனவரியிலும் பச்சையாகவே இருக்கும். அந்தப் பெருமையில் பாதி குளிரைச் சேர்ந்தது. வெளியே குளிர்பெட்டி போன்ற நிலை. வெட்டிய கிளை மெதுவாகத்தான் காய்கிறது. அதே வளையத்தை ஹீட்டர் ஓடும் வரவேற்பறைக்குள் மாட்டினால் கிறிஸ்துமஸுக்குள் ஊசி உதிர்ந்து தரையெங்கும் குத்தும். தூத்துக்குடியில் விமானத்தில் கொண்டுவந்து கட்டினாலும் அது நிற்காது. வெட்டிய பச்சைக் கிளையை வெப்பமான ஊரில் ஆறு வாரம் காப்பாற்றுவது என்ற யோசனையையே கைவிடுங்கள். காய்ந்த பின்பும் அழகாக இருக்கக்கூடிய பொருள் எது என்று கேளுங்கள்.

முத்துநகராள், தூத்துக்குடி

பனிக்குருவி, கேள்வியையே மாற்றிவிட்டீர்கள், நன்றி. ஆனால் சவுக்கு? எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் மரமே சவுக்குதானே. அது ஊசியிலை மரம்தானே?

ஓய்வுபெற்ற வாத்தியார், பாளையங்கோட்டை

பிள்ளாய், சவுக்கு ஊசியிலை மரம் அல்ல. பைன், ஃபிர் இவற்றோடு அதற்கு உறவே இல்லை. அது பூக்கும் தாவரம். ஊசி என்று நாம் நினைப்பது இலையும் அல்ல, மெல்லிய சிறுகிளை. ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் பல்வரிசை போல மிகச்சிறு செதில்கள் ஒட்டியிருக்கும். அவைதான் இலைகள். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் கணுவில் சுத்தமாகக் கழன்று வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கழற்றி மறுபடி பொருத்தி, எங்கே உடைந்தது கண்டுபிடி என்று விளையாடுவார்கள்.

உங்கள் வளையத்துக்கு அந்தக் கணுதான் எமன். காயக் காயக் கணுக்கள் விட்டுப்போகும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் கொட்டும். மரமாக மூலையில் நிறுத்தினால் பெருக்கித் தள்ளலாம். ஆடும் கதவில் மாட்டினால் கிறிஸ்துமஸ் வாரத்தில் வெறும் குச்சிதான் மிஞ்சும்.

சவுக்கில் உங்களுக்குப் பயன்படுவது அதன் காய். சுண்டுவிரல் நுனி அளவு, வரிவரியாக, பைன் காயின் குட்டி போலவே இருக்கும். மரத்தடியில் இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனை ஆண்டானாலும் கெடாது.

நீலமலை, குன்னூர்

பைன் காய் என்றதும் வந்தேன். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் ஆளுக்கொரு பை அள்ளிக்கொண்டு போகிறார்கள், போய்ச் சேர்ந்ததும் “காய் மூடிக்கொண்டுவிட்டது, கெட்டுப்போனதா?” என்று கேட்கிறார்கள். கெடவில்லை. பைன் காயின் செதில்கள் ஈரம் பட்டால் மூடும், காய்ந்தால் விரியும். விதை மழையில் விழாமல் வெயில் நாளில் காற்றில் பறக்க வேண்டும் என்பதற்காக மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. காய் மரத்திலிருந்து விழுந்து காலம் ஆன பிறகும் இந்த வேலை நடக்கும். ஆகவே மழைக்காலத் தூத்துக்குடியில் உங்கள் வளையத்துக் காய்கள் ஒரு நாள் பூவாகவும் மறுநாள் மொட்டாகவும் தெரியும். பசை வைத்து ஒட்டும்போது விரிந்த நிலையிலேயே ஒட்டினால், மூடும்போது பிடி விட்டுவிடும். அடிச்செதிலுக்கு உள்ளே கம்பியைச் சுற்றி முறுக்கிக் கட்டுங்கள். பசை வேண்டாம்.

பச்சை இலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. எங்கள் மலையில் தைல மரத்தின் இளங்கன்றுகளில் இலை வட்டமாக, நீலச்சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்தக் கிளைகளின் அடியைச் சுத்தியலால் நசுக்கி, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு சுடுநீர் கலந்த ஜாடியில் இரண்டு மூன்று வாரம் நிறுத்தி வைத்தால், நீருக்குப் பதில் கிளிசரின் இலைக்குள் ஏறி அது தோல்போல மென்மையாகவே இருந்துவிடும். கிளிசரின் மருந்துக்கடையில் கிடைக்கும். ஆனால் உங்கள் ஊருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர மழைக்காலத்தில் இலை வியர்த்துக் கதவில் ஒழுகும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.

கம்பத்தான், தேனி மாவட்டம்

வளையத்துக்கு அடிப்படைச் சட்டம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. வெளிநாட்டில் திராட்சைக் கொடி வளையம் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து அடித்த, அதாவது வெட்டிக் கழித்த கொடியை வரப்பில் போட்டு எரிக்கிறோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பன்னீர் திராட்சைக் கொடிதான். இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும். சின்னமனூர், கம்பம் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள்.

கொடி வெட்டிய ஓரிரு நாளுக்குள் இருந்தால் அப்படியே வளையும். காய்ந்திருந்தால் தண்ணீர்த் தொட்டியில் இரவு முழுவதும் ஊற வேண்டும். மிக நீளமான கொடியை முதலில் எடுங்கள். தடித்த முனையைப் பிடித்துக்கொண்டு வேண்டிய அளவில் ஒரு வட்டம் போட்டு, மீதியை அந்த வட்டத்தின்மேலேயே உள்ளே வெளியே என்று முறுக்கிச் சுற்றிக்கொண்டு போங்கள். அடுத்த கொடியை முதல் கொடி தொடங்கிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்குங்கள். எல்லா முனையும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். நாலைந்து கொடி போதும். கம்பியே தேவையில்லை. கொடியிலேயே வளர்ந்த பற்றுக்கம்பிகள் சுருள்சுருளாக இருப்பதை வெட்டிவிடாதீர்கள், அதுதான் அழகு. நிழலில் ஒரு வாரம் காயட்டும்.

முக்கியமான எச்சரிக்கை: கொடியில் நீலப் படலம் தெரிந்தால் அது போர்டோக் கலவை, மயில்துத்தமும் (செப்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குழந்தைகள் கையில் கழுவாத கொடியைக் கொடுக்காதீர்கள்.

முத்துநகராள், தூத்துக்குடி

கம்பத்தான் அண்ணா, கொடி கேட்டு ஆள் அனுப்பிவிட்டேன். அளவு எவ்வளவு வைப்பது? கதவு மூன்றடி அகலம், ஆனால் இரட்டைக் கதவு. நடுவில் மாட்டினால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் நிற்கும். தேக்குக் கதவு, ஆணி அடிக்க வீட்டுக்காரர் ஒருநாளும் விட மாட்டார்.

பூக்கட்டி, மதுரை

ஒற்றைக் கதவாக இருந்தால் அகலத்தில் பாதி, அதாவது ஒன்றரையடி விட்டம் எடுப்பாக இருக்கும். இரட்டைக் கதவுக்கு அது ஒத்துவராது. வெளியே கிராதி போட்டிருப்பீர்களே, அதில் கட்டுங்கள். பக்கத்துச் சுவரில் ஏற்கெனவே நட்சத்திரம் மாட்டும் ஆணி இருந்தால் அதுவும் நல்ல இடம். கொடி வளையம் ஓரடி விட்டம் போதும். அலங்காரம் ஏறியதும் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடிவிடும். கட்டிடம் கட்டுகிறவர்கள் முறுக்கும் கறுப்புக் கட்டுக்கம்பியைத் தொடாதீர்கள், உங்கள் ஊர்க் காற்றில் ஒரு வாரத்தில் துரு ஒழுகும். செம்புக்கம்பி வாங்குங்கள், இல்லையென்றால் வாழைநாரே போதும்.

ஓலைக்காரி, உடன்குடி

தாமதமாகப் பார்க்கிறேன். இத்தனை பேர் பேசியும் பனை ஓலையை யாரும் எடுக்கவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபிர் கிளைக்கு ஏங்குவதா? பக்கத்தில் மணப்பாட்டில் பெண்கள் ஓலையில் முடையாத பொருள் இல்லை. உப்புக்காற்றிலேயே வளர்ந்த மரம். அதன் ஓலைக்கு உங்கள் வாசல் ஒன்றும் புதிதல்ல.

சாரோலை வேண்டாம், அது கூரைக்கும் வேலிக்கும் ஆனது. விரியாத குருத்தோலைதான் வேண்டும். அதைப் பிரித்து, ஒவ்வொரு இலையின் நடுவிலும் ஓடும் ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு முறுகிவிடும். காய்ந்ததும் தந்தம்போல வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் போடுவதானால் இப்போதே, கொதிக்கும் சாயநீரில் போட்டு எடுக்க வேண்டும். முடைந்த பிறகு சாயம் போட்டால் மடிப்புக்குள் ஏறாது.

வேலை தொடங்கும் முன் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள். காய்ந்த ஓலையை மடித்தால் மடிப்பில் ஒடியும். ஊறிப்போன ஓலை, பிறகு காய்ந்து சுருங்கும்போது முடைச்சல் தளர்ந்துவிடும். விரலில் சுற்றினால் சத்தம் போடாமல் சுற்ற வேண்டும், தொட்டால் கை நனையக் கூடாது. அந்தப் பதம்.

இனி பூ. ஒரு விரற்கடை அகலத்தில், ஒரு முழ நீளத்தில் ஒரு துண்டு எடுங்கள். முனையை இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்டினால் நடுமொட்டு வந்துவிடும். மொட்டை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். மீதி ஓலையை வலது கையால் வெளிப்பக்கமாகக் கோணல் மடிப்பாக மடித்து, அந்த மடிப்பின் விளிம்பு மேலே வருமாறு மொட்டைக் கால் சுற்று திருப்புங்கள். மறுபடி ஒரு கோணல் மடிப்பு, மறுபடி கால் சுற்று. ஒவ்வொரு மடிப்பும் ஓர் இதழ். அடியை விடாமல் நெருக்கிப் பிடித்தால் ரோஜாப்பூ மாதிரி அடியில் குறுகி மேலே விரியும். பிடி தளர்ந்தால் தட்டையாகப் போய்விடும். கடைசி முனையை அடியோடு சேர்த்து ஓலை நாரால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். இந்த நாரின் வாலை வெட்ட வேண்டாம், அதை வைத்துத்தான் வளையத்தில் கட்டப்போகிறோம்.

பச்சை இலைக்குப் பதிலாக ஓலைக் கண்ணி செய்யலாம். அரை விரற்கடை ஓலையைப் பாதியாக மடித்து, இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்படி கட்டினால் கூரான இலை வடிவம் வரும். ஐந்தைந்தாகச் சேர்த்துக் கொத்தாக்கி, ஒரு கொத்தின் அடியை அடுத்த கொத்து மறைக்கும்படி ஒரே திசையில் அடுக்கிக் கட்டிக்கொண்டு போங்கள். முடிக்கிற இடத்தில் கடைசிக் கொத்தின் அடியை முதல் கொத்தின் கீழே செருகினால், தொடக்கமும் முடிவும் தெரியாது.

வடசென்னைவாசி

சிவப்புக்கு என்ன வழி? ஹாலிப் பழம் மாதிரி சிவப்பு இல்லாமல் கிறிஸ்துமஸ் களை வராதே. குன்றிமணியைக் கோத்துக் கட்டினால் பளபளவென்று இருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், பாளையங்கோட்டை

தயவுசெய்து குன்றிமணி வேண்டாம். அதன் பருப்பில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோல் கெட்டியாக இருக்கும்வரை அது உள்ளேயே அடங்கிக் கிடக்கும். கோப்பதற்காக ஊசியால் துளைத்த மணியைக் குழந்தை வாயில் போட்டுக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. துளைக்கும்போது ஊசி நழுவி விரலில் குத்துவதும் விளையாட்டல்ல. வாசல் வளையம் எப்போதாவது கீழே விழும். மணி உருண்டு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

அதே சிவப்பில் ஆனைக்குன்றிமணி இருக்கிறது. கறுப்புப் பொட்டு இல்லாமல், தட்டையாக, சற்றுப் பெரிதாக இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். அதையும் தின்னக் கொடுப்பதற்கல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓலைக்காரி, உடன்குடி

எங்கள் பக்கம் சிவப்புக்குப் பஞ்சமா? ராமநாதபுரம் முண்டு வத்தல் உருண்டையாக, மினுமினுப்பாக, காம்போடு கிடைக்கிறதே. காம்பில் செம்புக்கம்பியைச் சுற்றி மூன்று மூன்றாகக் கொத்துக் கட்டினால் ஹாலிப் பழம் தோற்றுப்போகும். மழை ஈரத்தில் வத்தல் நமத்துப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கட்டும் முன் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மேலே தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். பூச்சுக் கொடுத்த வத்தல் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

பூக்கட்டி, மதுரை

வாசலில் மிளகாய் தொங்கினால் அடுத்து எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்பார்கள். திருஷ்டிக்கும் ஆயிற்று, கிறிஸ்துமஸுக்கும் ஆயிற்று.

மெழுகுத்திரி, திருச்சி

நடுவில் குறுக்கிடுகிறேன். கதவில் மாட்டும் வளையத்தோடு, மேசையில் வைக்கும் திருவருகைக் கால வளையத்தையும் யாராவது சொல்லுங்கள். எங்கள் பங்குக் கோயிலில் பீடத்தருகே வைக்கிறார்கள். வீட்டிலும் வைக்கப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம், நடுவில் வெள்ளை மெழுகுத்திரி என்று மட்டும் தெரியும்.

பனிக்குருவி, ஸ்கார்பரோ

ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு. அது மகிழ்ச்சி ஞாயிறு. வெள்ளை கிறிஸ்து பிறப்பு இரவுக்கு. இந்த வழக்கம் நாம் நினைக்கிற அளவு பழையதல்ல. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஹர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கியது. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுத்திரிகளும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுத்திரிகளும் வைத்து, நாளுக்கொன்றாக ஏற்றினார். பச்சைக் கிளை சுற்றும் வழக்கம் பிறகுதான் வந்தது. கத்தோலிக்கர்கள் எடுத்துக்கொண்டது அதற்கும் பிறகு, 20ஆம் நூற்றாண்டில்.

ஆகையால் பச்சைக் கிளை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். விஹர்னுடைய முதல் சக்கரத்திலேயே அது இல்லை.

பூக்கட்டி, மதுரை

மேசை வளையத்தில் ஓலையும் கொடியும் நெருப்புக்கு அருகில் வரக் கூடாது. காய்ந்த ஓலை எப்படிப் பற்றும் என்று பனைநாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அகன்ற மண் தட்டில் மணல் நிரப்பி, மெழுகுத்திரிகளை மணலில் ஊன்றி, சுற்றிலும் கூழாங்கல்லும் சவுக்குக் காயும் வையுங்கள். அலங்காரம் தட்டுக்கு வெளியே இருக்கட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். திரி ஒரு பக்கம் சாய்ந்து எரிந்து உருகி ஓடும். செபம் முடிந்ததும் அணைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

முத்துநகராள், தூத்துக்குடி

எல்லோருக்கும் ஒரு தகவல். கம்பத்திலிருந்து கொடி வந்துவிட்டது, நீலம் இருந்தது, கழுவிவிட்டேன். வளையம் காய்கிறது. உடன்குடிச் சந்தையில் குருத்தோலைக் கட்டும் வாங்கியாயிற்று.

முற்றத்தில் உட்கார்ந்து ஓலைக்காரி அக்கா சொன்னபடி பூ மடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அடியை இப்படியா பிடிப்பது?” என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடித்துப் பழகிய கை. நான் ஒன்று முடிப்பதற்குள் அவர் மூன்று முடிக்கிறார். ஆனாலும் கொள்கையில் மாற்றம் இல்லை: நடுவாசலில் மாட்டக் கூடாது, கிராதியின் ஓரத்தில் மாட்டிக்கொள், அதுவும் மணி கட்டினால்தான் என்கிறார். கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலை ஏதும் இந்தக் கட்டில் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கவும் செய்தார்.

ஓலைக்காரி, உடன்குடி

அதில் அவர் சொல்வது சரி. மந்திரித்த ஓலை சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருந்து, அடுத்த ஆண்டு விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்கத் திருப்பிக் கொடுப்பது. அலங்காரத்துக்கு எடுக்கக் கூடாது. உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பூவோடு நிறுத்தாமல் கண்ணியையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வடசென்னைவாசி

நான் தோற்றேன். சீரியல் விளக்கு சுற்றலாமா, அதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

நீலமலை, குன்னூர்

பேட்டரியில் எரியும் மெல்லிய செம்புக்கம்பி விளக்காக இருந்தால் சுற்றலாம். சூடேறாது. வீட்டு மின்சாரத்தில் எரியும் பழைய சீரியல் விளக்கை மழை தெறிக்கும் இடத்தில் இரும்புக் கிராதியில் கட்டவே கூடாது. கிராதி முழுவதும் மின்சாரம் பாய வாய்ப்பிருக்கிறது. பேட்டரிப் பெட்டியை ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வளையத்தின் பின்னால் கட்டுங்கள்.

முத்துநகராள், தூத்துக்குடி

ஒரே ஒரு சந்தேகம், ஓலைக்காரி அக்கா. பச்சைச் சாயம் போட்ட கண்ணிகளை ஈரத்துணியில் சுற்றியபோது துணி பச்சையாகிவிட்டது. சாரல் பட்டால் கிராதியில் ஒழுகாதா? வெள்ளைச் சுவர்.

ஓலைக்காரி, உடன்குடி

ஒழுகும். சாயம் போட்டதும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை விட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கிய சாய ஓலையில் பெரும்பாலும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். கட்டாத கண்ணிகளை இப்போது பிரித்து அலசி நிழலில் போடுங்கள். நிறம் ஒரு பங்கு மங்கும், கவலையில்லை. ஏற்கெனவே கட்டியதை நனைக்காமல், நன்றாகக் காய்ந்த பிறகு வத்தலுக்கு வாங்கிய அதே வார்னிஷை மெல்லிய தூரிகையால் முன்னும் பின்னும் பூசுங்கள், மடிப்பின் உள்பக்கமும் விடாமல். பின்பக்கத்தில் சாயம் போடாத ஓலை இரண்டைக் குறுக்கே வைத்துக் கட்டினால் வளையம் சுவரைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நிற்கும், காற்றும் போகும். புயல் சின்னம் என்று வானொலியில் சொன்னால் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். ஓலை காற்றைத் தாங்கும், மணி தாங்காது. இரவு முழுவதும் அடித்துக்கொண்டிருக்கும்.